நார்வே, முந்நூற்று நாற்பது

இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவே படுத்தபடி
பெர்கனிலிருந்து வந்தது அந்த மீன்.
மதுரைச் சுங்கத்தில்
"என்னம்மா இது, விறகா?" என்றார்கள்.
வாலைக் காட்டினேன்.
சிரித்து விட்டார்கள்.

பாம்பனில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து
கடலுக்கு இறங்குகிற சந்து.
நீல வலை விரித்து அதன் மேல்
சூடை, காரல், வகிர்ந்த திருக்கை,
ஓரத்தில் குடை பிடித்த மிக்கேலம்மாள்.
ஆய்வகத்தில் மீனின் ஈரத்தை அளக்கிறவள் நான்.
நூற்றுக்குப் பதினைந்து என்றால் கையெழுத்துப் போடுவேன்.
பதினோரு வருடமாக அதற்குத்தான் சம்பளம்.
இதை இங்கே ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று
ஏனோ ஒரு ஆசை.

வாங்கினாள். கல்லில் தட்டினாள்.
டக்.
சந்தியாகுவைக் கூப்பிட்டு
அவனையும் ஒருமுறை தட்டச் சொன்னாள்.

"உப்பு எவ்வளவு?"
போடுவதில்லை.
"வெயிலு?"
அதுவும் கிடையாது.
"பெறகு எப்படிக் காயும்?"
காற்றில். மரச்சட்டத்தில் தொங்கவிட்டு
பிப்ரவரியில் ஏற்றினால் மே மாதம் இறக்குவார்கள்.
"எந்தக் காத்து?"

எந்தக் காற்று.
வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று
நாலு பக்கமும் ஆள் வைத்திருப்பவள் கேட்கிறாள்.
அந்தக் காற்று என் குடையை மூன்று முறை முறித்திருக்கிறது.
ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்ட வைத்திருக்கிறது.
போனில் எண்ணாகப் பார்த்திருக்கிறேன்,
நொடிக்குப் பதினாறு மீட்டர் என்று.
"பேரு இல்லாத காத்தா?"
இருக்கும். நான்தான் கேட்கவில்லை.

"சரி, தலை எங்க?"
தலையைத் தனியாக நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள் என்றேன்.
"பாத்தியா சந்தியாகு,
ருசிய அவனுக வாங்கிக்கிட்டு
கட்டைய இந்தப் புள்ளைக்குக் குடுத்திருக்கானுக."
நுனியைக் கிள்ளி வாயில் போட்டாள்.
மென்றாள். ஒரு வேன் கடந்து போகிற நேரம் மென்றாள்.
"செத்தது தெரியாமயே காஞ்சிருக்கு."
பாராட்டா, வசவா, தெரியவில்லை.
அறிக்கையில் எழுத அப்படி ஒரு கட்டம் எங்களிடம் இல்லை.

அரைக் கிலோ நெத்திலி, ஒரு துண்டு சீலா.
ஏழு பையில் கட்டு, விமானத்தில் நாறக் கூடாது என்றேன்.
"எட்டுல கட்டுனாலும் நாறும்" என்று
மூன்றில் கட்டினாள்.
முந்நூற்று நாற்பது.

என் அட்டை நீட்டினேன். பார்த்தாள்.
கூடை மேல் ஒட்டியிருந்த சதுரத்தைக் காட்டினாள்.
எனக்கான ரகசிய எண்
கல்லூரிக் காலத்து நம்பருக்குப் போய்ச் சேர்ந்தது.
அந்த நம்பரை இப்போது யார் வைத்திருக்கிறார்களோ,
எங்கேயோ ஒருவர் போனில்
என் நெத்திலி ஒலித்திருக்கும்.
பக்கத்துக் கடைப் பெட்டி மட்டும் கூவியது:
எண்பது ரூபாய் பெறப்பட்டது.
பர்ஸில் குரோனர் இருந்தது, துபாயில் வாங்கிய சில்லறை இருந்தது.

பையைத் திருப்பி நீட்டினேன்.
"அடுத்த தடவ தா."
அடுத்த தடவை எப்போதென்று எனக்கே தெரியாதே.
"தெரியாட்டி என்ன, மறக்காம இருந்தாச் சரி."

பேரு கேட்கவில்லை.
மடியிலிருந்து நோட்டை எடுத்து,
பால்பாயிண்ட் பேனாவை இரண்டு முறை உதறி,
ஐஸ் வண்டி 900,
சந்தியாகு 120,
அதற்குக் கீழே
நார்வே 340.

மீனை அவளே வைத்துக்கொண்டாள்.
வட்டிக்கு என்று சொல்லவில்லை.
கொடு என்று நானும் கேட்கவில்லை.
காரலுக்குப் பக்கத்தில், ஒரு முழ நீளத்தில்,
விலை சொல்லப்படாமல் கிடந்தது.

டீக்கடைத் தகரம் படபடத்தது.
மணல் கண்ணில் விழுந்தது.
இப்போது வீசுவது எது என்று கேட்டேன்.
"கச்சான்" என்றார் டீ ஆற்றியபடி,
அப்போதுதான் உள்ளே வந்தவனை அறிமுகம் செய்வதுபோல.

பஸ் பாலம் ஏறியது.
கண்டக்டர் மூக்கைச் சுருக்கி என் காலடியைப் பார்த்தார்.
கூட வேலை பார்க்கும் இங்கெரிடுக்குத் தட்டினேன்:
மீன் காய வைக்கிற அந்தக் காற்றுக்கு
உங்கள் ஊரில் என்ன பெயர்?

கீழே இரண்டு பக்கமும் கடல்.
டவர் இல்லை.
ஒற்றை டிக்கோடு
மண்டபம் வரை வந்தது கேள்வி.