பதினொன்றில் ஏழாவது

மல்லாவியில், உரக்கடைக்கு மேலே அறை.
யூரியா வாசம் படியேறி வந்து
கணினி விசிறிக்குள் போய்ச் சுற்றும்.
மாலை நான்கரை. ஆறுக்கு மின்வெட்டு என்று
காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.
நிறுவியை ஓடவிட்டேன்.

முதற் கேள்வியே இது:
ஏற்கெனவே தளங்கள் உள்ளன. என்ன செய்யலாம்?

இந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும்
இவ்வளவு பணிவாய் இதைக் கேட்டதில்லை.
தளம் என்றால் எங்களுக்கு
முட்கம்பி, மண்மூட்டை,
உள்ளே யாருடைய கிணறு என்று கேட்கக்கூடாத வாசல்.

பதினொரு பெயர்கள் இறங்கின.
வவுனிக்குளம் நன்னீர் மீன்பிடிச் சங்கம்.
பாலிநகர் அரிசி ஆலை.
பெனடிற் சாரதிப் பயிற்சி,
கட்டணம் கூட்டும்போது மட்டும் என்னை நினைப்பவர்.
ஒரு கலியாண மண்டபம்,
கூரை போடமுன்னரே முகப்பில் மணமக்கள்.

எல்லாவற்றுக்கும் ஆம் என்றொரு பொத்தான்,
பச்சையாய், விரலுக்கு வாகாய்.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்:
இயல்புநிலைக்குத் திருப்பு.

இயல்புநிலை.
அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது
செட்டிகுளத்து முகாமில், ஒலிபெருக்கியில்.
பத்து வயது. தண்ணீர் வண்டிக்கு வரிசை.
எந்தப் பக்கத்தால் வரும் அது என்று
வாளியோடு எட்டி எட்டிப் பார்த்தேன்.

பச்சையை விட்டுவிட்டு
ஒவ்வொன்றாய்த் தெரிந்தேன்.
பிரதி எடு. அமை. திறந்து பார். அடுத்தது.
ஆறு வரை வழுக்கிக்கொண்டு போனது.

ஏழாவது, துணுக்காய் மாடு தேடல்.
பதின்மூன்றாம் ஆண்டு யாரோ கட்டியது, பாமினி எழுத்தில்.
செவலைப் பசு. வலத்தொடையில் பிறையும் புள்ளியும்.
மாங்குளம் தாண்டும்போது அவிழ்த்துவிட்டது.
இடக்காது கிழிசல். கூப்பிட்டால் வரும்.

எழுத்துமுறை பழையது, மாற்றவா? என்றது நிறுவி.
பிரதி ஒன்றில் மாற்றிப் பார்த்தேன்.
சொற்கள் நல்ல தமிழாய் எழும்பி வந்தன.
குறிகள் வரவில்லை.
பிறை, சூலம், ஏர்க்கால், தலைகீழ்க் ககரம்,
சுட்ட குறி ஒவ்வொன்றையும்
தன் கையால் எழுத்துருவில் வரைந்து வைத்திருக்கிறார் மனிதர்.
அவை நின்ற இடமெல்லாம் இப்போது வெறும் சதுரம்.
நூற்று நாற்பது மாடு,
ஒரே சதுரம்.

பதிவிலிருந்த பெயர் விசுவமூர்த்தி.
இலக்கம் பாவனையில் இல்லை என்றாள் பதிவுக் குரல்காரி,
மூன்று மொழியிலும்.

வருகைப் பதிவைத் திறந்தேன்.
தேடுபொறிகளின் ஊர்வலத்துக்கு நடுவே
ஒரு கைபேசி.
வெள்ளிதோறும் இரவு ஒன்பதரை.
ஒரே பக்கம், எண்பத்தெட்டாவது மாடு.
இருபது வினாடி நிற்கும், போய்விடும்.
போன வெள்ளியும் வந்திருந்தது.

ஒரு பசு எத்தனை வருசம் இருக்கும் என்று
எனக்குத் தெரியும்.
கணக்குப் பார்க்கவில்லை.

கிடக்கட்டும் என்றொரு தெரிவு
எந்த நிறுவியிலும் இல்லை.
தவிர் என்பதை அழுத்தினேன்.
அமைவுக் கோப்பைத் திறந்து, முதல் வரியில்
இயந்திரம் வாசிக்காமல் தாண்டிப்போகும் அடையாளம் இட்டு
எழுதினேன்:
தொடவேண்டாம். குறி எழுத்து இருக்கு. வெள்ளி ஒன்பதரைக்கு ஆள் வரும்.

பத்துத் தளம் பச்சை. ஒன்று மஞ்சள்.
கீர்த்திபன் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தான்.
"ஏன் உது மஞ்சளா நிக்குது?"
"அது நிக்கும்."
"ஐயோ, பிழை எண்டெல்லோ போட்டிருக்கு."
"எச்சரிக்கை எண்டு போட்டிருக்கு. வடிவா வாசி."

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கவே மின்சாரம் போனது.
பதிவாகிவிட்டதா என்று பார்க்க முடியவில்லை.
பதிவாகியிருக்கும்.

யோகபுரம் திருப்பத்தில் மாடுகள்,
தார்ச் சூட்டுக்கு வீதி நிறையப் படுத்திருந்தன.
ஸ்கூட்டி வெளிச்சத்தில்
தொடை தொடையாய் வாசித்தேன்.
ஒரு வட்டம். ஒரு இரட்டைக் கோடு. மற்றதெல்லாம் சேறு.
ஹோண் அடித்தால் எழும்பும்.
அடிக்காமல்
புல்லுக்குள் இறக்கி, சுற்றிப் போனேன்.