இடப்பக்கம்

ராயபுரம் டெரன்ஸ், துறைமுகத்தில்
முப்பது வருசம் கிரேன் ஓட்டியவர்,
ஓய்வுப் பணத்தில் வாங்கிய பாய்மரப் படகை
காசிமேட்டு ஐஸ் பேக்டரிக்குப் பின்னாலிருக்கும்
என் பட்டறைக்குள் கொண்டுவந்தார்,
வாயாலேயே.

"இன்ஜின் போட்டா லெப்ட்ல இஸ்துகினு போவுதும்மா.
பாய் வுட்டா நேரா போவுது.
பேய் எதுலகீது, இன்ஜின்லயா படகுலயா?"

அதற்குள் ஊரே வைத்தியம் பார்த்திருந்தது.
ஒரு பக்கம் மட்டும் கொட்டலசு என்று
எட்டியப்பன் இரண்டு நாள் சுரண்டினான்.
டீசல் கேன் இடம் மாறியது. ஐஸ் பெட்டி இடம் மாறியது.
டெரன்ஸின் மச்சான், தொண்ணூற்றெட்டுக் கிலோ,
வலது ஓரம் உட்காரவைக்கப்பட்டார்.
படகு அவரையும் சேர்த்துக்கொண்டு
இடது பக்கம் போயிற்று.
யாரோ அணியத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.
மார்லின் அதை எடுத்து ஜூஸ் போட்டுவிட்டாள்.

நான் குனிந்து விசிறியைப் பார்த்தேன்.
பித்தளை, மூன்று இதழ்.
பின்னால் நின்று பார்த்தால் வலம் சுற்றுவது.
தண்டு சரிவாக இருந்தது,
அது எல்லாப் படகிலும் அப்படித்தான்,
இன்ஜின் மேலே, தண்ணீர் கீழே.
அந்தச் சரிவில்
வலப்புறம் இறங்கும் இதழ் நீரை நன்றாகக் கடிக்கிறது,
இடப்புறம் ஏறும் இதழ்
பந்தியில் பசியில்லாதவன்போல் தொட்டுவிட்டுப் போகிறது.
முதுகில் வலது தோளை மட்டும் பிடித்துத் தள்ளினால்
ஆள் எந்தப் பக்கம் திரும்புவான்?
அவ்வளவுதான்.
அமரம் வலமாக ஒதுங்கும், அணியம் இடமாக முகம் காட்டும்.

"அப்போ யார் மேல தப்பு?"

தப்பு இல்லை. சுற்றுவது சுற்றுகிறது.

இந்தப் பதிலுக்கு ஐந்நூறு ரூபாய் தர
அவருக்கு மனசில்லை.
எனக்கும் கூச்சம்தான்,
பழுதே இல்லை என்று சொல்வதற்கா
ஒருத்தி பட்டறைக்கு வாடகை கட்டுவாள்?
சுக்கான் ஓரத்தில் ஒரு தகடு வளைத்து வைக்கலாம் என்றேன்,
ஒரு வேகத்துக்குச் சரியாக வரும்,
இன்னொரு வேகத்துக்கு வராது.
"நீயே வந்து ஓட்டிப் பாரு" என்றார்.

ஞாயிறு, விடியுமுன்.
விசைப்படகுகளின் நடுவே,
டீசல் மிதக்கும் கறுப்புத் தண்ணீரில்,
கயிறு கயிறாக ஒதுங்கி ஒதுங்கி வெளியே வந்தோம்.
சுக்கான் பிடியை இடது விலாவோடு அணைத்து
இழுத்துப் பிடித்திருந்தேன்.
அதிகம் இல்லை, ஒரு குடம் தண்ணீர் கனம்.
ஆனால் விடவே முடியாத குடம்.

குணாளனோடு இருந்த ஆறு வருசமும்
இப்படி ஒரு கனம் கையில் இருந்தது.
பைக் ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே
இன்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.
டிவியைக் குறைப்பேன். தட்டை ஓசையில்லாமல் வைப்பேன்.
அவன் எண்ணூருக்கு வேறு வீடு பார்த்துப் போய்
மூன்று வருசம்.
எதற்கு இப்போது இது?

கல் கரை தாண்டியதும்
கச்சான் முதுகில் பட்டது.
டெரன்ஸ் இன்ஜினை நிறுத்தினார்.
காதில் அத்தனை நேரம் இருந்தது எல்லாம்
ஒரேயடியாக இறங்கிவிட்டது.
பாய் ஒருமுறை படபடத்து, பிறகு புடைத்து நின்றது.

நேராகப் போகவேண்டும் இப்போது.
போகவில்லை.
மெல்ல மெல்ல வலப்பக்கம்,
துறைமுகத்தின் நீண்ட சுவரையும்
அதன் மேல் நின்ற கிரேன்களையும் நோக்கி.

"இன்னாம்மா, இப்ப ரைட்ல போவுது!"
டெரன்ஸ் எழுந்தே விட்டார்.
மச்சான் எந்தப் பக்கம் நகர்வதென்று தெரியாமல்
நடுவில் குந்தினார்.

மார்லின்தான் பார்த்தாள்.
பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:
"நீ இன்னும் இழுத்துக்கினு கீறியே."

குனிந்து பார்த்தேன்.
விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது.
எதிரே ஒன்றும் இழுக்கவில்லை.

ஒவ்வொரு விரலாக எடுத்தேன்.
படகு கொஞ்சம் யோசித்து
கிழக்கே பார்த்தது.
கை மட்டும் விலாவோரம்,
இல்லாத பிடியைப் பிடித்தபடி,
நங்கூரமிட்ட முதல் கப்பல் வரும்வரை
அப்படியே இருந்தது.