ஏழு மணிக்கு இருவர்

மூன்று மாடி, பதினான்கு வீடு, ஒரே ஒரு சவுனா.
ஔலு நகரில் ஜனவரி.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
கீழ்த்தளச் சுவரில் ஒரு தாள்,
நூலில் தொங்கும் பென்சில்.
யார் எந்த மணிக்கு வெந்து வியர்க்கலாம் என்பதை
அந்தத் தாள்தான் தீர்மானித்தது.

இரவில் ஒருவர் பெயரை ஒருவர் அழித்தார்கள்.
ரப்பர் தூளைப் பெருக்கும் வேலை எனக்கு.
நான் ஹில்கா, இந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர்:
குழாய், பல்பு, பனி வாருதல்,
புகார்.
பென்சிலும் களவு போன திங்கட்கிழமை
லேப்டாப்பைத் திறந்து பைத்தான் கற்க உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்ட சட்டகத்துக்கு ஃபிளாஸ்க் என்று பெயர்.
பக்கத்தில் காப்பி வைத்திருந்ததற்கும் அதே பெயர்.
முதல் வாரம்
இரண்டாவதுதான் வேலை செய்தது.

நான்கு இடைவெளி விடவேண்டிய இடத்தில் மூன்று விட்டேன்.
கோபித்துக்கொண்டது.
எந்த வரியில் தப்பு என்று உறுதியாகச் சொன்னது;
தப்பு அதற்கு முந்தைய வரியில் இருந்தது.
என் முன்னாள் கணவரும் இப்படித்தான் சண்டை போடுவார்.

பிறகு, அதிகாலை இரண்டேகாலுக்கு,
பிரவுசரில் 127.0.0.1 என்று அடித்தேன்.
என் வீட்டுக் கதவை நானே தட்டி
நானே உள்ளிருந்து யாரது என்று கேட்பதற்கான எண் அது.
வெள்ளைத் திரை. இடது மூலையில், பொடி எழுத்தில்:
தெர்வே.
எங்கள் மொழியில் வணக்கமும் அதுதான், ஆரோக்கியமும் அதுதான்.
நான் எழுதிக்கொடுத்த சொல்தான்.
ஆனாலும் பதிலுக்கு, வாய்விட்டு,
தெர்வே என்றேன்.

அப்புறம் படிவம், பட்டியல், பொத்தான்.
தப்பான முகவரிக்கு வந்தவர்களிடம்
404 என்று எண்ணை நீட்ட மனம் வரவில்லை;
"இங்கே யாரும் குடியில்லை. படியிறங்கி வலப்பக்கம்" என்று எழுதினேன்.
கொதிகலன் அறையில், பழைய லேப்டாப் ஒன்றில், ஓடவிட்டேன்.
சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது.

முதல் வெள்ளிக்கிழமை.
மூன்றாம் மாடி அவுலிஸ், முதல் மாடி யால்மரி,
ஒரு சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதில்
பேச்சு முறிந்து ஒன்பது வருடம்,
இருவரும் ஒரே நொடியில் ஏழு மணியைத் தொட்டிருக்கிறார்கள்.
காலியா என்று பார்ப்பதற்கும் பெயரைப் பதிவதற்கும் நடுவில்
நான் விட்டிருந்த மயிரிழைச் சந்து;
அதில் இரண்டு முழு ஆட்கள் நுழைந்துவிட்டார்கள்.
இருவருக்கும் "உங்களுக்கே" என்று பச்சையில் காட்டியது
என் நிரல்.

துண்டோடு கதவருகே நின்றார்கள்.
திரும்பிப் போனால் விட்டுக்கொடுத்ததாகிவிடும்.
உள்ளே போனார்கள்.
பல்பு மாற்றுகிற சாக்கில் நான் வெளியே நின்றேன்
(நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பு).
கல்லில் தண்ணீர் சீறும் சத்தம்.
பேச்சில்லை.
மறுபடி சீறல். இது வேறு கை; ஊற்றிய அளவில் தெரிந்தது.
ஐம்பது நிமிடம்.
சிவந்துபோய் வந்தார்கள்.
ஒருவர் படியேறி முடிக்கும்வரை
மற்றவர் ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

சனியும் ஞாயிறும் உட்கார்ந்து சரிசெய்தேன்.
ஒரு மணி, ஒரு பெயர். தரவுத்தளத்திலேயே பூட்டு.
வெட்கம். கொஞ்சம் பெருமையும்.

அடுத்த வெள்ளி, என் கதவில் அவுலிஸ்.
"உன் மெஷின் கெட்டுவிட்டது.
ஏழு மணியை யாரோ எடுத்துவிட்டதாகச் சொல்கிறது."
ஆமாம், யால்மரி எடுத்திருக்கிறார், என்றேன்.
"தெரியும்," என்றார். "போன வாரம் விட்டதே."

இன்றைக்கு மட்டும் என்று
பூட்டைக் கையால் கழற்றி அவர் பெயரையும் எழுதினேன்.
பிறகு அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி திறந்தேன்.
அதற்கு என்ன பெயர் வைப்பது?
இருக்கைகள் என்றால் பொய், உள்ளே இருப்பது ஒரே பலகை.
நண்பர் என்றால்
இருவருமே வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விடுவார்கள்.
ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றினேன்.
கர்சர் இமைத்துக்கொண்டே இருந்தது.

ஐந்தரை ஆகிவிட்டது.
கல் சூடேற நேரமெடுக்கும்,
போய் அடுப்பைப் போடவேண்டும்.