திங்கட்கிழமைக் கண்கள்

ஞாயிறு புல் வெட்டுவார்கள்.
திங்கள் காலை எங்களிடம் வருவார்கள்,
ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்தி,
மறு கையில் அடையாள அட்டை.

கண் வார்டில் எனக்குப் பதினோரு வருடம்.
என்ன பட்டது என்று கேட்டால் கல் என்பார்கள்.
பெரும்பாலும் கல்தான்.
ஒருவருக்கு ஆணியின் தலை.
பிறையில் லாரி ஓட்டும் வீரசிங்கத்துக்கு
போன தீபாவளியின் மத்தாப்புக் கம்பி,
சுண்டுவிரல் நகத்தளவு.
"பத்து நிமிச வேலதானே மிஸ்ஸி,
இதுக்குப் போய்க் கண்ணாடி எதுக்குன்னு..."
அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.
நானும் முடித்துக் கொடுக்கவில்லை.

குளுகோரில் எனக்கு மூலை வீடு.
புல் வெட்ட வந்துகொண்டிருந்த ஷஃபிகுல்
சிட்டகாங்குக்கே திரும்பிவிட்டதும்
நானே மெஷின் வாங்கினேன்.

முதல் முறை
பள்ளி திறக்கும் முன் பையன்களுக்கு வெட்டுவதுபோல்
ஒட்ட வெட்டிவிட்டேன்.
மூன்று நாள் அழகாகத்தான் இருந்தது.
நான்காம் நாள் வைக்கோல் நிறம்.
மண் தெரிந்த இடங்களில் எல்லாம்
தொட்டாற்சுருங்கி வந்து குடியேறியது,
இளஞ்சிவப்புப் பூ வைத்துக்கொண்டு,
முன்பணம் கூடக் கொடுக்காமல்.

புல்லுக்குச் சமையல் இலையில் நடக்கிறது.
அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு
பசியாறு என்றால் எப்படி?
இப்போது மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறேன்.
வெட்டியதை வாருவதில்லை;
அது விழுந்த இடத்திலேயே மக்கி
வேருக்குத் திரும்பிப் போகட்டும்.

என் ஓய்வு நாள் செவ்வாய்.
செவ்வாயில் நகம் வெட்டக்கூடாது என்பார்கள்,
புல்லைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.
நேற்றிரவு மழை என்றால் வெயில் ஏறும்வரை காத்திருப்பேன்.
ஈரப்புல் நுனியில் கிழியும், காலையும் வழுக்கிவிடும்.

பிறகு வாளியோடு நடப்பேன்.
மேலிருந்து கீழ், அப்புறம் குறுக்கே.
கோலிக்குண்டு. கோழி எலும்பு.
யாரோ வேலிக்கு மேல் எறிந்த பேட்டரி.
மத்தாப்புக் கம்பி நான்கு
(எந்த வருடத்து வெளிச்சமோ).
ஒரு தவளை, அதற்கு மட்டும் அவகாசம்.

பூட்ஸ், முழுக்கால் சட்டை, கண்ணாடி.
பிளேடில் புல் சிக்கினால்
என்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி,
பிறகுதான் கை.
விரல்களுக்கு வேறு வார்டு இருக்கிறது,
நாலாவது மாடியில்.
அவர்களுக்கும் திங்கட்கிழமைதான் கூட்டம்.

மெஷின் நகர நகர
மைனாக்கள் பின்னால் நடந்துவரும்,
கூலி வாங்க வந்த மேஸ்திரிகள் போல.

பக்கத்து வீட்டு தியோ
ஞாயிறுதோறும் சிலிப்பரோடு வெட்டுபவர்.
அரைக்கால் சட்டை, உதட்டில் சிகரெட்,
தோளில் தொங்கும் மெஷின் பனங்கிழங்காய் நடுங்கும்.
என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்,
நிலாவுக்குப் போகிறாயா மிஸ்ஸி?

வார்டுக் கதைகள் எதுவும் சொல்லவில்லை.
இன்னொரு கண்ணாடி வாங்கி
அவர் வேலியில் மாட்டிவிட்டு வந்தேன்.
ஒரு வாரம் மழையில் நனைந்தது.
அடுத்த வாரம் அவர் மனைவி
அதைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்,
ஜன்னல் வழியாகக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினாள்.
மூன்றாம் ஞாயிறு
கண்ணாடி தியோவிடம் வந்து சேர்ந்திருந்தது,
நெற்றியில்.

நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.
பாயான் லெப்பாசுக்கு இறங்கும் விமானம்
கூரையை உரசுவதுபோல் போனது.
அது போன பிறகு கேட்டுப் பார்த்தேன்,
மெஷின் சத்தம் இல்லை.
எட்டிப் பார்த்தேன்,
புல்வெளியில் தியோவும் இல்லை.
பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு
வரிசையில் அவர் முகத்தைத்தான் முதலில் தேடினேன்.
இல்லை.

அதற்குப் பிறகுதான்
காத்திருந்த ஆறு பேருக்கும்
காலை வணக்கம் சொல்ல வாய் வந்தது.