கிழமை இல்லாத சுவரொட்டி

தெற்கு என்றதும் தென்றல் நினைவுக்கு வருகிறவர்கள்
ஓர் அக்டோபரில் புந்தா அரேனாஸுக்கு வரட்டும்.
நடைபாதையோரம் நகரசபை கயிறு கட்டியிருக்கிறது,
பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க.

இந்த ஊர்க் கல்லூரியில்
சுவரொட்டி மாட்டுவது என் பகுதிநேர வேலை.
பசை காய்வதற்குள் தாள் பறந்துவிடும்.
டேப்புக்கு வெட்கமே இல்லை.
ஸ்டேப்ளர்தான்:
நான்கு மூலைக்கும் பின், நடுவில் இரண்டு,
அவநம்பிக்கையில் இன்னொன்று.

வரும் வாரம் நெருக்கடி.
திங்களன்று இரத்த தானம், வெறும் வயிற்றோடு வரவேண்டாம்.
சம்மதம் என்றால் என்ன என்றொரு பேச்சு;
அந்தச் சுவரொட்டிக்கு மட்டும் வருடா வருடம்
யாரோ மீசை வரைகிறார்கள், அதே பச்சைப் பேனாவால்.
செவ்வாய், சைகை மொழிப் பட்டறை.
வெள்ளி இரவு குவேக்கா நடனம், எல்லோரும் வரலாம்,
கைக்குட்டை அவரவர் பொறுப்பு.
இவை போக, நூலகத்தில் கரை ஒதுங்கிய திமிங்கலங்களின் ஓவியங்கள்.

எல்லாம் யஸ்னா வரைந்தவை.
இருபது மணி நேரம் எழுத்தெழுத்தாக இழைத்தாள்.
காற்றுக்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது.

செவ்வாய் ஏழு மணிக்கு
பட்டறை நடந்த அறைக்குள் ஒருவர் வந்தார்.
எலியேசெர் கார்கமோ, கப்பல் துறையில் வெல்டர்.
இஸ்திரி போட்ட சட்டை,
பைக்குள் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை,
கையில் வேலிக்கம்பியில் சிக்கிக் கிடைத்த பாதித் தாள்:
நடனம். ஏழு மணி. எல்லோரும் வரலாம்.
கிழமையைக் காற்று வைத்துக்கொண்டது.

முன்வரிசையில் உட்கார்ந்தார்.
எதிரே நூர்யா பாரியா. பிறவியிலிருந்தே காது கேளாதவர்.
பனி விழுவதை விரல்களால் சொல்லிக்கொண்டிருந்தார்,
முதலில் தயங்கும் பனி, பிறகு அவசரப்படும் பனி.
பன்னிரண்டு மாணவர்கள் கூடவே
காற்றில் கை அளைந்தார்கள்.
அவர் பாதம் மெல்லத் தட்டித் தட்டித்
தாளத்தைத் தேடியது.
வாசலில் நின்ற நான் போய்ச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்துப் பக்கத்துப் பையனிடம் கேட்டார்:
"பிரமாதமாக ஆடுகிறார்கள்.
வாத்தியக்காரர்கள் எப்போது வருவார்கள்?"

யாரோ சிரித்தார்கள். என்னவென்று நூர்யா கேட்டார்,
ஒருத்தி கைகளால் சொன்னாள்.
நூர்யா சிரிக்கவில்லை.
அவரை எழுப்பி நடுவில் நிறுத்தி
அவர் பெயரை அவர் விரல்களுக்கே
ஒவ்வோர் எழுத்தாகக் கொடுத்தார்.
கடைசி எழுத்துக்கு இரண்டு விரலைப் பின்னவேண்டும்.
தீயில் வெந்து ஒட்டிப்போன ஒரு விரல்
பின்ன மறுத்தது.
அந்த எழுத்து இல்லாமலே
பெயரை ஏற்றுக்கொண்டார் நூர்யா.

பன்னிரண்டு பேரும் கைகளை உயர்த்தி அசைத்தார்கள்.
அதுதான் அங்கே கைதட்டல்.
அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
நடனம் தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.
கைக்குட்டையை உதறி எடுத்தார்.
ஒரு சுற்று, எதிர்ப்பக்கம் இன்னொரு சுற்று,
காலணியின் குதிகால் தரையில் பேச,
பாட்டில்லாமல்
ஆடி முடித்து, சிவந்துபோய் நின்றார்.

வெள்ளியன்று வந்தாரா என்றால்,
வெள்ளியன்று காற்று மணிக்கு நூற்றுப் பத்து.
நடனம் தள்ளிவைக்கப்பட்டது.
"தள்ளிவைப்பு" என்று அச்சடித்த துண்டுத்தாள்களை
அலுவலகத்தில் என்னிடம் தந்தார்கள்,
சுவரொட்டிகள் மேல் ஒட்டச் சொல்லி.
ஒட்டுவதற்கு ஒரு சுவரொட்டியும் மிச்சமில்லை.

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு
கப்பல் துறை வேலிவரை நடந்தேன்.
அதற்குச் சம்பளம் கிடையாது.
பின்பக்கம் கிழமையை எழுதினேன்,
தாள் கொள்ளும் மட்டும் பெரிதாக: வியாழன்.
கம்பியில் ஸ்டேப்ளர் பின் நிற்காது.
வலது காலணியின் கயிற்றை உருவி
இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டு
நகரசபைக் கயிற்றைப் பிடித்தபடி திரும்பினேன்,
ஒவ்வோர் எட்டுக்கும் கழன்ற காலணியைக்
கால்விரலால் கவ்விக்கொண்டு.