ஏழே காலுக்குப் படுக்கை

ஆர்ப்ரோத்தில் ஜூன் மாதம்
இரவு பத்தரைக்கும் வானம் வெளுத்துக் கிடக்கும்.
நான் ஏழே காலுக்குப் படுத்துவிடுவேன்.
படுத்துவிடுவேன் என்பது பிழை.
படுக்க வைக்கப்படுவேன்.
ஏஜென்சியின் அட்டவணையில்
எனக்குப் பிறகு இன்னும் ஆறு பேர்.

திரையோரம் கசிகிற பகலைப் பார்த்துக் கிடப்பேன்.
கீழே சந்தில் பையன்கள் பந்து உதைப்பார்கள்.
ஒரு நாள் எண்ணினேன்.
நாற்பத்தொரு கோல்.
யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கவுன்சிலிலிருந்து கார்டன் பிரி வந்தார்.
கோப்பு நனைந்திருந்தது.
நான்கு வழி இருக்கிறது என்றார்.
பணத்தை நீங்களே வாங்கி நீங்களே நடத்தலாம்.
பணம் வேறொருவரிடம் இருக்க,
எப்படிச் செலவாகவேண்டும் என்று நீங்கள் சொல்லலாம்.
எல்லாவற்றையும் எங்களிடமே விட்டுவிடலாம்.
நான்காவது, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம்.
நல்ல மனிதர். சக்கர நாற்காலியிடம் பேசாமல்
என்னிடம் பேசுகிறவர்.

"நீங்களே நடத்தினால்
நீங்கள் முதலாளி ஆகிவிடுவீர்கள், மிஸ் ரென்னி."

முதலாளி.
புகைபோட்ட ஹாடக் துண்டில்
முள் தட்டுப்பட்டது மாதிரி
நாக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
விபத்துக்கு முன் பதினொரு வருடம்
மீன் புகைக்கும் கூடத்தில் நின்றவள் நான்.
நான் அறிந்த முதலாளி
கழிப்பறைக்குப் போன நிமிடங்களை எண்ணியவர்.
இப்போது கவுன்சிலின் மதிப்பீட்டிலும் இருக்கிறது:
கழிப்பறை, எட்டு நிமிடம்.
எங்கே போனாலும் அந்தக் கணக்கு கூடவே வருகிறது.

என் முதுகைத் தேய்த்துவிடுகிறவளுக்கு
நான் சம்பளச் சீட்டு எழுதவேண்டும்.
அவளுக்குக் காய்ச்சல் என்றால்
விடுப்பும் நானே, மாற்று ஆளும் நானே.
ஆள் வரவில்லை என்று
யாரிடம் போய்ச் சத்தம் போடுவது?

"வேண்டாம் இஷ்பெல்" என்றான் தம்பி ஸ்ட்ரூவன்.
"ஒரு ரசீது தொலைந்தால் திருப்பிக் கேட்பார்கள்."
தன் வேன் வரியையே மூன்று முறை தப்பாகக் கட்டியவன்.
அதனால் அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

வாரத்துக்கு இருபத்தாறு மணி நேரம்.
மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்
கூட்டினேன், கழித்தேன், அடித்தேன்.
காலை ஆறு மணிக்கு ஆள் வராமல் போனால்
என்ன ஆகும் என்று உடம்புக்குத் தெரியும்.
அந்தப் பயத்தை நிர்வகிக்க எனக்குத் திராணியில்லை.
காலை அவர்களிடமே இருக்கட்டும்.
மாலையை என் கையில் கொடுங்கள்.
நான்காவது வழி என்று டிக் போட்டேன்.
பேனா எழுதவில்லை. இன்னொரு பேனா தேடினோம்.

மூன்று பேரிடம் பேசினேன்.
ஒருத்தி என்னைச் செல்லமே என்றாள்.
ஒருத்தி எதற்கும் சரி என்றாள்.
லோர்னா பிங்கோ ஹாலில் எண்கள் கூப்பிடுகிறவள்.
பத்து மணிக்குத்தான் வேலை முடியும் என்றாள்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் வியாழன்.
ஏழே காலுக்கு மாடி ஜன்னல்களில்
ஒவ்வொன்றாகத் திரைகள் விழுந்தன.
நான் சந்தில் இருந்தேன்.
மேலிருந்து கேட்டபோது பெரிய கூட்டம் என்று நினைத்தேன்;
மொத்தமே ஐந்து பையன்கள்.
கோல் கம்பத்துக்கு ஒரு பக்கம் குப்பைத் தொட்டி,
எட்டரைக்கு மேல்
இன்னொரு பக்கம் நான்.

லோர்னா வந்தபோது மணி பத்து ஐம்பத்திரண்டு.
பன்னிரண்டு நிமிடம் தாமதம்.
முதலாளியாக ஏதாவது சொல்லியிருக்கவேண்டும்.
ஆட்டம் பதினேழுக்குப் பதினாறு.
அவளைக் கொஞ்சம் பொறு என்றேன்.
அந்த நிமிடங்களுக்கும்
நான்தான் சம்பளம் கொடுக்கவேண்டும்.