வெளியே நின்று வாசித்தது

டாஃபினுக்கு வடக்கே, தார் ரோடு முடிந்து
சரளைச் சாலை தொடங்கும் இடத்தில்
என் மஞ்சள் பஸ் மாட்டிக்கொண்டது.
மணி மூன்று ஐம்பது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே பதினோரு பிள்ளைகள்,
ஒரு ஹாக்கி மட்டை,
யாரோ பாதி தின்ற ஆரஞ்சின் வாசனை.

பனி வாரும் வண்டி வருகிறது என்றது ரேடியோ.
எப்போது என்று சொல்லவில்லை.

நான் டிரைவர். டீச்சர் இல்லை.
ஆனாலும் பதினாறு வருஷமாக
முதுகால் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.
செப்டம்பரில் எழுத்துக் கூட்டித் திணறும் குரல்கள்
மார்ச்சுக்குள் கூட்டாமலே ஓடும்.
பைகளில் வளையம் கோத்த அட்டைகள் ஆடும்.
வாரத்துக்கு ஐந்து சொல்,
முகம் பார்த்ததும் பேர் சொல்கிற மாதிரி
பார்த்ததும் சொல்லிவிட வேண்டும்.
கூட்டப் போனால் காலை வாரும்.

'செட்' இருக்கிறதே, அதன் நடுவில்
ஏயும் ஐயும் வேலையே செய்யாமல்
சம்பளம் வாங்குகின்றன.
'வன்' என்கிறோம். அட்டையில்
டபிள்யூவைத் தேடினால் கிடைக்காது.
'த' என்றால் என்ன என்று
ஜூன் ரெம்பெல் ஒருநாள் கேட்டாள்.
இரண்டு பண்ணை தாண்டும்வரை யோசித்தேன்.
ஒன்றுமில்லை, ஆனால்
அது இல்லாமல் வாக்கியம் நகராது என்றேன்.
"டயர் செயின் மாதிரியா?"
ஆமாம், செயின் மாதிரி.

இன்றைக்கு அதைப் போடாமல் கிளம்பியவள் நான்தான்.

டேனிலோவுக்கு ஒரே ஒரு சொல்லோடுதான் தகராறு.
டபிள்யூ, ஏ, எஸ்.
'வஸ்' என்று சொல்ல வேண்டும்: இருந்தது.
அவன் வால் பக்கம் பிடித்து 'ஸா' என்பான்: பார்த்தது.
புத்தகத்தில் நாய் ஈரமாக இருந்தது.
டேனிலோவின் நாய் ஈரத்தைப் பார்த்தது.
மூன்று வாரமாக வளையத்தில் அதே அட்டை,
ஓரம் நைந்து துணியாகிவிட்டது.

மூச்சில் ஜன்னல்கள் வெளுத்தன.
முதல் விரலை வைத்தது யாரோ.
கையுறைகள் கழன்றன,
கண்ணாடி முழுக்கக் கீச், கீச்.
ஜூன் 'லுக்' எழுதி
இரண்டு ஓவுக்கும் கண்மணி வைத்தாள்.
டேனிலோ அட்டையைப் பார்ப்பதும்
நாக்கைக் கடிப்பதுமாக
மூன்றே எழுத்துக்கு ஒரு ஜன்னலைச் செலவழித்தான்.

புகைக்குழாயைப் பனி மூடாதிருக்க
மண்வெட்டியோடு இறங்கினேன்.
நிமிர்ந்தபோது
விளக்கு மஞ்சளில் வரிசையாக ஜன்னல்கள்,
சொல்லெல்லாம் இடம் வலமாக.
நாற்பத்தொன்பது வயதில்
எனக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது,
ஒன்றைத் தவிர.
எஸ் மட்டும் முதுகு காட்டி நின்றது.
மற்றபடி பிசகே இல்லை.
ஸா.

உள்ளிருந்து அவன் கண்ணாடியைத் தட்டினான்.
ஏறியதும் கேட்டான்:
"அங்கேயிருந்து என்ன எழுதியிருக்கு?"
பொய் சொல்லியிருக்கலாம்.
"ஸா."

வழக்கில் ஜெயித்தவன்போல்
எல்லா இருக்கைகளையும் ஒருமுறை பார்த்தான்.
"அதைத்தானே சொல்லிக்கிட்டே இருக்கேன்!"
"நீ உள்ளேல்ல இருக்கே," என்றாள் ஜூன்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.
ஐந்து பத்துக்கு நீல விளக்கு சுழற்றி
பனி வாரும் வண்டி வந்தது.
அவன் வீட்டுத் திருப்பத்தில்
அம்மா டார்ச்சோடு நின்றிருந்தாள்.
இறங்கும்போது அட்டை வளையம் தவறி விழுந்தது.
எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை.

மறுநாள் காலை கண்ணாடிகள் துல்லியம்.
அதே இருக்கையில் உட்கார்ந்து
ஹா என்று ஊதினான்.
ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்த
விரல் பிசுக்கு எழுந்து வந்தது, மூன்று எழுத்தாக.
டிரைவர் கண்ணாடியில் எனக்கு
அது மறுபடியும் திரும்பியிருந்தது.

அவன் உதடு அசைந்தது.
எஞ்சின் இரைச்சலில்
எந்தச் சொல் என்று கேட்கவில்லை.